தொச்சிக்குக் குரல் கொடுத்தவள்

மஸ்கெலியாவிலிருந்து நல்லதண்ணிக்குப் போகிற பாதையில், நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி இருக்கும் ஒரு தோட்டத்தில் ஜீவராணி கொழுந்து பறிக்கிறாள். காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போது மற்றப் பெண்கள் வாயால் பதில் சொல்வார்கள். அவள் கையைத் தூக்குவாள். புதிதாக வந்த கணக்குப்பிள்ளை ஒருவர் விஷயம் தெரியாமல் ஒருநாள் அவளுக்குப் பேர் போடாமல் விட்டுவிட்டார். கூட நின்ற நாகலெட்சுமி, "ஐயா, அவளுக்குத் தொண்டை இல்லீங்க. அந்தா கையத் தூக்கிக்கிட்டு நிக்கிறா பாருங்க" என்று சத்தம் போட்ட பிறகுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

தொண்டை இல்லாதவள் என்பதுதான் இப்போது தோட்டத்தில் அவளுக்கு அடையாளம். ஆனால் சில வருடங்களுக்கு முன்னால் இந்த நாட்டில் பின்னேரங்களில் தமிழ் டீவி போட்ட பிள்ளைகள் எல்லாரும் அவள் தொண்டையைக் கேட்டுத்தான் சிரித்தார்கள். அழுததும் அதைக் கேட்டுத்தான். மலை ஸ்டேஷன் தொச்சி என்ற ஜப்பான் காட்டூனில் தொச்சியாகப் பேசியவள் அவள். அந்தப் பிள்ளைகளில் ஒருவருக்கும் அவள் பேர் தெரியாது. தெரிய வேண்டும் என்று அவளும் நினைத்ததில்லை.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, தோட்டத்துப் பெண்கள் பலரைப் போல ஜீவராணியும் கொழும்புக்கு வேலைக்குப் போனாள். வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடை. துணி மடித்து வைக்கச் சேர்ந்தவளைத் தீபாவளி நெருக்கத்தில் முதலாளி மைக்குக்கு முன்னால் உட்கார வைத்தார். அவள் வெறுமனே விலைக்கழிவைச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. மருமகளோடு சாரி எடுக்க வந்த மாமியாராகப் பேசினாள், சட்டை பிடிக்கவில்லை என்று சிணுங்குகிற குழந்தையாகப் பேசினாள், இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மகனாகவும் பேசினாள். காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டுக் கேட்டார்கள்.

அப்படி நின்றவர்களில் ஒருவர் லாபிர். ஹட்டன்காரர். பக்கத்து ஒழுங்கையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்தார். வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழில் குரல் போட்டு டீவிக்குக் கொடுப்பது அவர்கள் தொழில். அவர் கடைக்குள் வந்து, பேசியது எத்தனை பேர் என்று முதலாளியிடம் கேட்டார். முதலாளி ஜீவராணியைக் காட்டினார். லாபிர் அவளிடம் ஊரை விசாரித்தார். மஸ்கெலியா என்றதும், நம்ம பக்கம்தான் என்று சிரித்து, ஞாயிற்றுக்கிழமை கூடத்துக்கு ஒரு தடவை வந்து பார்க்கும்படி சொன்னார். அன்றிலிருந்து அவருக்கு அவள் தங்கச்சி, அவளுக்கு அவர் லாபிர் நானா.

தொச்சி என்பது காட்டுக் கொட்டை ஒன்றிலிருந்து பிறந்த ஒரு சின்ன உயிர். பணியாரம் மாதிரி உருண்டை உடம்பு, தலையில் காதுக்குப் பதிலாக இரண்டு இலை. ரயில் வருவது நின்றுபோன ஒரு மலை ஸ்டேஷனில், பயணிகள் உட்காரும் வாங்கிலுக்குக் கீழே குடியிருக்கிறது. ஒரு காலத்தில் பயணம் போனவர்கள் மறந்து விட்டுப்போன குடைகளையும் ஒற்றைச் செருப்புகளையும் சாப்பாட்டுப் பெட்டிகளையும் பத்திரமாக வைத்திருந்து, ஒவ்வொன்றாக உரியவர்களைத் தேடிக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. கதை அவ்வளவுதான். சண்டை கிடையாது, வில்லன் கிடையாது. சில இடங்களில் நிறைய நேரத்துக்குப் பேச்சே இருக்காது. புல் அசையும், மூடுபனி தண்டவாளத்தின் மேல் வந்து படுக்கும், தொச்சி கையில் குடையோடு பார்த்துக்கொண்டிருக்கும். கொழும்பில் இருந்தவர்களுக்கு அது ஜப்பான். ஜீவராணிக்கு அது ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவில் எங்கோ இருக்கிற இடம்.

முதல் நாள் அவளுக்கு வசனமே கொடுக்கவில்லை. தொச்சி ஓடிவந்து மூச்சிரைப்பது, சூடான கொட்டையை வாயில் போட்டுக்கொண்டு தவிப்பது, தும்முவது, தூக்கத்தில் புரள்வது. இதையெல்லாம் செய்து காட்டச் சொன்னார் லாபிர். ஒரு காதில் ஜப்பான் சத்தம் ஓடும். திரையில் தொச்சியின் வாய் எப்போது திறக்கிறதோ அப்போது அவள் வாய் திறக்க வேண்டும், அது மூடும்போது இவளும் மூட வேண்டும். கையிலிருக்கும் தாள் சரசரக்கக்கூடாது. வயிறு இரைந்தால் அதுவும் பதிவாகிவிடும் என்பதால் சாப்பிடாமல் வந்தாலும் ஏச்சு.

ஜப்பானில் தொச்சிக்குப் பேசியது ஒரு வயதான அம்மா என்று லாபிர் சொல்லியிருந்தார். பாஷை புரியாததால் ஜீவராணி அந்த அம்மாவின் சொற்களைக் கவனிக்கவில்லை, மூச்சைத்தான் கவனித்தாள். ஒவ்வொரு வசனத்துக்கும் முந்தி அந்த அம்மா ஒரு சின்ன மூச்சு எடுப்பார். சந்தோஷம் என்றால் அது மேலே ஏறும். பயம் என்றால் பாதியில் நிற்கும். பொய் சொல்லப்போகிறது என்றால் மூக்கால் வரும். வசனம் வருவதற்கு முன்னாலேயே பார்க்கிறவனுக்குத் தொச்சியின் மனசு தெரிந்துவிடும். ஜீவராணி அந்த மூச்சை அப்படியே பிடித்துக்கொண்டாள். ஒருநாளும் பார்த்திராத அந்த அம்மாவைத் தன் சொந்தக்காரியைப் போல நினைத்துக்கொண்டாள்.

தொச்சி ஒவ்வொரு கதையிலும் தொலைந்த பொருளைத் தூக்கிக்கொண்டு யாருக்குப் பின்னாலாவது ஓடும். 'பொறுங்கள், நானும் வருகிறேன்' என்று தாளில் எழுதியிருந்தது. ஓட்டத்தில் ஜீவராணியின் வாயில் அது "இருங்க, இருங்க, நானும் வாரேன்" என்று வந்துவிட்டது. தோட்டத்துத் தமிழ் என்று மறுபடியும் எடுக்கச் சொன்னார்கள். லாபிர்தான் இரண்டையும் போட்டுக் காட்டினார். அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தொச்சி கடைசிவரை மலையகத்துத் தமிழ்தான் பேசியது. ஹட்டனிலும் பண்டாரவளையிலும் மட்டுமில்லை, மட்டக்களப்பிலும் மன்னாரிலும் பிள்ளைகள் பள்ளிக்கூட பஸ்ஸுக்குப் பின்னால் "நானும் வாரேன்" என்று கத்திக்கொண்டு ஓடினார்கள்.

ஒரு தைப்பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது ரயிலில் அவளுக்கு எதிரே ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. கடைசிப் பிள்ளை நாவலப்பிட்டியிலிருந்து அழுதுகொண்டே வந்தது. பிள்ளையின் முதுகில் தொச்சி படம் போட்ட பை. ஜீவராணி குனிந்து, தொச்சியாக மெதுவாக ஒரு வார்த்தை பேசினாள். அழுகை நின்றது. பிள்ளை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பையைக் கழற்றி மடியில் வைத்து, அதிலிருந்த படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. ஹட்டன் வரும்வரை அவள் பேசினாள், பிள்ளை பைக்குப் பதில் சொல்லிக்கொண்டு வந்தது. தன் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான பயணம் இல்லை என்று பிறகு புருஷனிடம் சொல்லியிருக்கிறாள்.

டீவித் தொடருக்குப் பிறகு பெரிய படங்கள் வந்தன. இரண்டாவது படத்தில் அணை கட்டுகிறார்கள். தொச்சியின் ஸ்டேஷன் தண்ணீருக்குள் போகிறது. வாங்கில், மணி, குடைகள் எல்லாம் மூழ்கும்போது தொச்சி அழ வேண்டும். அந்தக் காட்சியை ஜீவராணி ஒரே தடவையில் முடித்தாள். பழைய மஸ்கெலியா ஊர் நீர்த்தேக்கத்துக்குள்தான் கிடக்கிறது. மழை பொய்த்த வருடங்களில் தண்ணீர் வற்றி, பழைய கோயில் வெளியே தெரியும். ஊரே போய்ப் பார்த்துவிட்டு வரும். அவள் அதைப் பார்த்து வளர்ந்தவள். அழுது முடித்து அவள் வெளியே வந்தபோது லாபிர் ஒலியைக் குறைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

இதற்கிடையில் அவளுக்குக் கல்யாணம் ஆனது. விஜிதரன் அதே தோட்டத்தான், கொழுந்து லொறி ஓட்டுகிறவன். மூன்றாவது படம் வரும் என்று பேசிக்கொண்டார்கள்; வரவில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தைப் பெரிய நிறுவனம் ஒன்று வாங்கியது. ஜீவராணி பிள்ளை உண்டாகி ஊருக்கு வந்தாள். சுலக்ஷனா பிறந்தாள். கொஞ்சம் வளர்ந்ததும் திரும்பவும் போகலாம் என்றிருந்தபோது கொரோனா வந்து பாதையை மூடியது. அதன் பின்னால் பெற்றோல் இல்லாத காலம் வந்தது.

அந்தக் காலத்தில்தான் அவளுடைய கழுத்து வீங்க ஆரம்பித்தது. முதலில் தாலிக்கயிறு இறுக்குகிறது என்றுதான் நினைத்தாள். கிளினிக்கில் பார்த்துவிட்டுக் கண்டிக்கு அனுப்பினார்கள். கழலைக்குள் கெட்ட கட்டி இருக்கிறது, எடுத்தே ஆக வேண்டும் என்றார் டொக்டர். குரல் நரம்பு அதை ஒட்டிப் போகிறது, காப்பாற்றப் பார்ப்போம், உறுதி சொல்ல முடியாது என்பதையும் சிங்களத்தில் ஒருமுறை, உடைந்த தமிழில் ஒருமுறை சொன்னார். விஜிதரனுக்கு உயிர் முக்கியம். ஜீவராணி மேசையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினாள்.

உயிர் பிழைத்தது. நரம்பு அந்தக் கெட்ட கட்டிக்குள்ளேயே சுற்றிக் கிடந்ததாம். யாரையும் குறை சொல்ல வழியில்லை. கட்டுப் பிரித்த அன்று அவள் பேச வாயைத் திறந்தபோது காற்று மட்டும் வந்தது. அடுப்பு ஊதுவதுபோல ஒரு சத்தம். ஒரு வருடம் போனால் திரும்பலாம் என்றார்கள். ஒரு வருடம் போனது. பக்கத்தில் காதை வைத்தால் கேட்கிற அளவுக்குக் கிசுகிசுப்பு வந்தது, அதோடு நின்றுவிட்டது. அவள் தோட்டத்தில் பேர் பதிந்து, கொழுந்து பறிக்க மலைக்குப் போனாள். மலையில் பேசவேண்டிய அவசியம் குறைவு.

சுலக்ஷனாவுக்கு அம்மாவின் பழைய சத்தம் நினைவில்லை. தோட்டத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் இருந்த வயதில் போன சத்தம் அது. அவளைப் பொறுத்தவரை அம்மா என்றால் கை தட்டிக் கூப்பிடுகிறவள், காதுக்குள் பேசுகிறவள். முன்பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் அவளுக்கும் தொச்சி பிடித்துப்போனது. பழைய கதைகளையெல்லாம் யாரோ யூடியூபில் போட்டிருந்தார்கள். அப்பாவின் போனைப் பிடுங்கிவைத்துக்கொண்டு பார்ப்பாள். தண்ணீருக்குள் ஸ்டேஷன் போகிற இடம் வந்தால் ஓடிவந்து அம்மாவின் மடியில் முகத்தைப் புதைப்பாள். ஜீவராணியின் தொண்டை அங்கே போனுக்குள் அழுதுகொண்டிருக்கும், பிள்ளையின் முதுகை இங்கே அவள் கை தடவிக்கொண்டிருக்கும்.

ஒருநாள் அவள் பிள்ளையின் காதில், தொச்சியாகப் பேசுவது அம்மாதான் என்றாள். சுலக்ஷனா விழுந்து விழுந்து சிரித்தாள். "பொய். அம்மாவுக்குத்தான் சத்தமே இல்லையே." விஜிதரன் குறுக்கிட்டு உண்மைதான் என்று சத்தியம் பண்ணப் போனான். பிள்ளை அப்பாவும் விளையாடுகிறார் என்று நினைத்துக்கொண்டது. ஜீவராணி போதும் என்று கையைக் காட்டினாள்.

மூன்றாவது படம் வரப்போகிற சேதியும் போன் வழியாகத்தான் வந்தது. ஒரு பின்னேரம் அவள் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே தொச்சி பேசுவது கேட்டது. "தண்ணிக்கடியில எவ்வளவு நாளுதான் நான் தூங்குறது? யாராச்சும் வந்து எழுப்புங்களேன்." ஜீவராணி குவளையை வைத்துவிட்டு நின்றாள். குரல் அவளுடையது. இழுவை அவளுடையது. அந்த வசனத்தை மட்டும் அவள் ஒருநாளும் பேசியதில்லை.

ஒருவேளை பேசி மறந்துவிட்டோமா என்றுகூட யோசித்தாள். விளம்பரத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். விஜிதரன் வந்ததும் காட்டினாள். அவனுக்கு விளங்கவில்லை, பழையதை வெட்டி ஒட்டியிருப்பார்கள் என்றான். அவள் லாபிருக்குச் செய்தி எழுதிக் கேட்டாள். அவர் புது நிறுவனத்தை விட்டு விலகிக் கொஞ்சக் காலம் ஆகியிருந்தது. உடனே கூப்பிட்டார். விஜிதரன் போனை அவள் காதில் வைத்துப் பிடித்தான்.

"தங்கச்சி, இத நான் சொல்லாம நீங்களாக் கண்டுபிடிச்சிருக்கக் கூடாது" என்றார் அவர். "மெஷினுக்கு ஒங்கட பழைய பதிவெல்லாத்தையும் குடுத்துப் பழக்கியிருக்காங்க. இனி அது எதச் சொன்னாலும் ஒங்கட சத்தத்துல சொல்லும்."

அவள் பதிலுக்கு ஏதோ சொன்னாள். அவருக்குக் கேட்கவில்லை. விஜிதரன் போனை வாங்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனான்.

மறுநாள் அவள் யாரிடமும் சொல்லாமல் தானே நிறுவனத்துக்குப் போன் எடுத்தாள். ஒரு பெண் எடுத்து வணக்கம் சொன்னாள். நான் ஜீவராணி, தொச்சி, என்று மூச்சையெல்லாம் திரட்டிச் சொன்னாள். "ஹலோ? ஹலோ, சத்தம் வரேல்ல" என்றது மறுமுனை. இன்னொரு முறை சொன்னாள். யாரோ ஊதி விளையாடுகிறார்கள் என்று அந்தப் பெண் பக்கத்திலிருப்பவரிடம் சொல்வது கேட்டது. போன் அணைந்தது.

கடைசியில் லாபிரையும் சேர்த்து மூன்று பேரும் நேரிலேயே போனார்கள். லாபிர் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் வந்து காத்திருந்து கூட்டிப்போனார். பழைய ஒழுங்கைக் கூடம் இல்லை. கண்ணாடி வைத்த உயரமான கட்டடம். அவர்களைச் சந்தித்தவள் கிருஷாந்தி என்ற இளம் பெண், தமிழ்ப் பிரிவுக்குப் பொறுப்பு. ஜீவராணி யாரென்று தெரிந்ததும் அவள் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். வவுனியாவில் தான் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து தொச்சி பார்த்ததையும், அணைக் காட்சியில் அழுது காய்ச்சல் வந்ததையும் சொன்னாள். அவள் கண் நிறைந்திருந்தது. நடிப்பில்லை என்று ஜீவராணிக்குத் தெரிந்தது. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

விஜிதரன் வரும்போதே கோபத்தைச் சேர்த்து வைத்திருந்தான். என் பெண்சாதியின் தொண்டையைக் கேட்காமல் எப்படி எடுக்கலாம் என்று அவன் கேட்டதற்குக் கிருஷாந்தி பொறுமையாகவே பதில் சொன்னாள். அந்தக் காலத்துப் பதிவுகள் எல்லாம் நிறுவனத்துக்குச் சொந்தம்; வேலைக்கு வரும்போது எல்லாரும் அப்படித்தான் ஒப்புக்கொண்டார்கள். வேறு குரல் போட்டுப் பார்த்ததாகவும், காட்டிய பிள்ளைகள் இது தொச்சி இல்லை என்று எழுந்து போய்விட்டதாகவும் சொன்னாள். "அக்காவுக்குத் தொண்டை சரியா இருந்திருந்தா அக்காவைத்தானே கூப்பிட்டிருப்பம். இல்லையெண்டபடியாத்தான்..." என்று பாதியில் நிறுத்தினாள். படத்தின் கடைசியில் நன்றி என்று பேர் போடலாம் என்றாள்.

லாபிர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய பதிவுகளை ஒவ்வொரு மூச்சும் தனித்தனியாக, ஒரு தூசி இல்லாமல் வெட்டி அடுக்கி வைத்தவர் அவர். அப்படிச் சுத்தமாக இருந்ததால்தான் மெஷின் சுலபமாகப் பழகிக்கொண்டது என்று பின்பு ரயில் மேடையில் சொன்னார்.

விஜிதரன் கோபத்தில் எழ, ஜீவராணி அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். கிருஷாந்தியைப் பக்கத்தில் வரச் சொன்னாள். அந்த அறையில் ஏசி தவிர வேறு சத்தம் இல்லை, அதனால் எல்லாருக்கும் கேட்டது.

"தொச்சி பேசறதுக்கு முந்தி மூச்சு எடுக்கும்ங்க. இதுல எடுக்கல."

கிருஷாந்தி விளங்காமல் பார்த்தாள்.

"அத நான் குடுக்கிறேன். எனக்குச் சத்தம்தான் போயிருச்சு. மூச்சு இருக்கு."

கிருஷாந்தி ஒரு பேனையை எடுத்து மூடியைக் கழற்றினாள், மாட்டினாள். மெஷின் மூச்சை இடைஞ்சல் என்று நினைத்துத் தானாகவே நீக்கிவிடுகிறது என்று அவளுக்கும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் வேலை முடிந்து, ஜப்பானுக்குப் போய், அவர்களும் சரி என்று சொல்லித் திரும்பி வந்துவிட்டது. இனி ஒரு சின்னச் சத்தத்தைக்கூட மாற்ற முடியாது. "என்ட கையில ஒண்டும் இல்லை அக்கா" என்றாள். புறப்படும்போது, கோபிக்காவிட்டால் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். ஜீவராணி பக்கத்தில் நின்றாள். படத்தில் சிரித்தும் வைத்தாள்.

ஒரு வக்கீலைப் பார்க்கலாம் என்று லாபிர் சொன்னார், பார்த்தார்கள். இதற்கென்று இங்கே இன்னும் சரியான சட்டம் இல்லை, வழக்குப் போட்டாலும் இழுக்கும் என்றார் அவர். விஜிதரனால் லொறி வேலைக்கு மேலும் லீவு எடுக்க முடியாமல் போனது. ஜீவராணி மலைக்குத் திரும்பினாள். மழைக்காலம் தொடங்கியிருந்தது, கொழுந்து அள்ளிக் கொடுத்தது.

படம் டீவியில் வந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் கால் வைக்க இடமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஜீவராணி எல்லாருக்கும் கடலை அவித்துக் கொடுத்துவிட்டுப் பின்னால் நின்றாள். ஜப்பான்காரர்கள் வழக்கம்போல மனசைப் பிழிகிற மாதிரி எடுத்திருந்தார்கள். வறட்சியில் அணை வற்றுகிறது. சேறு பூசிய ஸ்டேஷன் மெல்ல வெளியே வருகிறது. வாங்கிலுக்குக் கீழே தொச்சி கண் விழிக்கிறது. பிறகு தொச்சி வாயைத் திறந்தது. மூச்சு எடுக்காமல் பேசியது. ஓடி வந்து நின்றும் இரைக்காமல் பேசியது. அவள் ஒவ்வொரு வசனத்துக்கும் முந்தி, தன்னை அறியாமல், அது விட்ட மூச்சை எடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அழவேண்டிய இடத்தில் அழுதார்கள். முடிந்ததும் கை தட்டினார்கள். பேர்கள் ஓடத் தொடங்கும்போதே டீவிக்காரர்கள் சவர்க்கார விளம்பரம் போட்டுவிட்டார்கள். ஜீவராணியின் பேர் அதில் இருந்ததா என்று தெரியவில்லை.

படத்தோடு சேர்த்துப் போனுக்கு ஒரு விளையாட்டையும் விட்டிருந்தார்கள். பிள்ளையின் பேரை எழுதிக் கொடுத்தால் தொச்சி அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடும். நாகலெட்சுமியின் மூத்த மகள் அதை விஜிதரனின் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஜீவராணி அப்போது லயத்துக்குக் கீழே, தண்ணீர் விழும் பீலியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். மேலே லயத்திலிருந்து அவளுடைய குரல் கூப்பிட்டது. "சுலக்ஷனா." கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "சுலக்ஷனா, எங்க இருக்கீங்க?"

தொண்டை இருந்த நாளில் அவள் மகளைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டாள். முழுப்பேரைச் சொல்லத் தொடங்கும்போது காற்று மட்டும்தான் மிச்சமிருந்தது. அந்தப் பேரைத் தன் வாயால் சத்தமாகச் சொன்னால் எப்படி இருக்கும் என்று அவள் எத்தனையோ தடவை மலையில் யோசித்திருக்கிறாள். இப்படித்தான் இருக்கும். இவ்வளவு அழகாகத்தான் இருக்கும்.

ஈரத் துணியைப் போட்டுவிட்டு ஏறி வந்தாள். விஜிதரன் வாசலில் நின்று, போனைக் கொடு என்று பிள்ளையிடம் கை நீட்டிக்கொண்டிருந்தான். அழித்துவிடப் போகிறேன் என்றான். ஜீவராணி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கேக்குறதுக்கு ஒனக்கு வலிக்கலயா, ராணி?"

வலிக்கிறது என்று அவள் தலையாட்டினாள். ஆனாலும் கையை விடவில்லை. அவன் லொறிச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

சுலக்ஷனா இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்து, அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். திரையில் தொச்சி தலையிலிருந்த இரண்டு இலையையும் ஆட்டியது, பேரைச் சொன்னது. பிள்ளைக்குப் பெருமை தாங்கவில்லை.

"தொச்சிக்கு என் பேரு எப்படிம்மா தெரியும்?"

ஜீவராணி குனிந்து அவள் காதில் பதில் சொன்னாள். அப்போதுதான் மழை தகரக் கூரையில் விழத் தொடங்கியது. பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டு, "கேக்கலம்மா, சத்தமாச் சொல்லு" என்றது. அவள் இன்னொரு தடவை சொன்னாள். மழை வலுத்துவிட்டது. சுலக்ஷனா கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, போனின் சத்தத்தைக் கடைசிவரை கூட்டி, தொச்சியின் மேல் மறுபடியும் விரலை அழுத்தினாள்.